முரா ஓடிவிடக் கூடாது

அந்தப் பள்ளத்தாக்கில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. கொல்லைப்பக்கமாக வந்து, கதவைத் தள்ளிக்கொண்டு, "நான்தான்" என்று ஒரு குரல் கொடுத்தபடியே அடுப்படிக்குள் வந்து நிற்பார்கள். முன்வாசல் கதவு போலீசுக்கும் சவப்பெட்டிக்கும்தான் என்று நெரிஸின் கணவன் அலுன் சொல்வான். அவன் அபெரிஸ்ட்வித் நகரத்துக்குப் போகும் பஸ்ஸை ஓட்டுகிறவன், வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம். ஆனால் சொன்னது சரிதான். தட்டுகிற ஆளை அங்கே சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

நெரிஸுக்கு இந்தப் பழக்கத்தை நினைத்தால்தான் பயம். அவள் வீட்டில் எப்போதும் ஏதாவது ஒரு ருமேனிய நாய் இருக்கும். அங்கே தெருவில் பிடித்து அடைத்த நாய்களை ஒரு சங்கத்தார் மீட்டு, ஊசி போட்டு, வேனில் ஏற்றி, அரை ஐரோப்பாவைத் தாண்டி இந்த வேல்ஸ் மலைகள் வரை கொண்டுவருவார்கள். நெடுஞ்சாலையோரத்து டீக்கடை வாசலில் காத்திருந்து வாங்கிக்கொண்டு வருவாள் நெரிஸ். நிரந்தரமாக ஒரு குடும்பம் கிடைக்கும்வரை தன்னிடம் வைத்திருந்து, மாடிப்படி ஏறவும் கெட்டில் கொதிக்கிற சத்தத்துக்கு அலறாமல் இருக்கவும் பழக்குவாள். மனிதக் கை அடிப்பதற்கு மட்டும் நீள்வதில்லை என்று அவை நம்பத் தொடங்குகிற சமயத்தில் யாராவது வந்து கூட்டிப் போய்விடுவார்கள். அவள் ரெண்டு நாள் அழுவாள். அடுத்த வேன் வரும்.

வேனிலிருந்து இறங்கிய நாய் தப்பினால் தப்பியதுதான் என்பது இப்படி நாய் வாங்கி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அதற்குத் தன் பெயர் தெரியாது, வீடு தெரியாது, ஊர் தெரியாது. கூப்பிடுகிற குரலும் துரத்துகிற குரலும் அதற்கு ஒன்றுதான். அதனால் வீட்டுக்குள்ளேயும் உடம்பில் வார் பூட்டி, அதிலிருந்து ஒரு நீளக் கயிறு தரையில் இழுபட விட்டிருப்பார்கள். ஒரு கதவைத் திறக்குமுன் இன்னொரு கதவைச் சாத்த வேண்டும். நெரிஸின் கொல்லைக் கதவில் வெல்ஷிலும் இங்கிலீஷிலும் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு: நாய் இருக்கிறது, தட்டுங்கள், திறக்காதீர்கள். அதை ஒட்டும்போது டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்ததே பக்கத்துப் பண்ணை ஓல்வென்தான். அது வெளியாட்களுக்கு என்று அவள் எடுத்துக்கொண்டாள். முப்பது வருஷமாகத் தள்ளிக்கொண்டு வருகிற கதவில் எழுதியிருப்பதை எவள் நின்று படிப்பாள்?

இந்தத் தடவை வந்தது முரா. பழுப்பு நிறப் பெண் நாய், ஒரு காது பாதி இல்லை. வந்த அன்றே துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் போய்ச் சொருகிக்கொண்டது. யாரும் பார்க்காதபோதுதான் சாப்பிடும். நெரிஸ் ஒருநாள் தெரியாத்தனமாக நீளக் கம்புத் துடைப்பத்தைக் கையில் எடுத்துவிட்டாள். நாய் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய், கண்ணை இறுக மூடிக்கொண்டது. ருமேனியாவில் நாய் பிடிக்கிறவர்கள் நீளக் கோலின் முனையில் கம்பிச் சுருக்கு வைத்துக் கழுத்தில் மாட்டி இழுப்பார்களாம். அதன் பிறகு நெரிஸ் துடைப்பத்தையே தொடவில்லை. தரையில் முட்டி போட்டு ஈரத்துணியால் துடைத்தாள். முட்டிவலிக்காரி, திட்டிக்கொண்டே துடைத்தாள்.

அன்று காலை மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. நெரிஸ் அடுப்படித் தரையில் உட்கார்ந்து, நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வேகவைத்த கோழித்துண்டைப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் முறை. பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, கூப்பிடக் கூடாது. பார்வை அவற்றுக்குப் பயம். கை மரத்துப்போன நேரத்தில் பின்னால் நகம் தரையில் படுகிற மெல்லிய சத்தம் கேட்டது. பிறகு விரலில் சூடாக ஒரு மூச்சு. கோழித்துண்டு போய்விட்டது. நெரிஸுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"நான்தான், முட்டை கொண்டு வந்தேன்" என்றபடி ஓல்வென் கொல்லைக் கதவைத் தள்ளித் திறந்தாள்.

பழுப்பாக ஏதோ அவள் காலுக்கிடையில் போனது. அவ்வளவுதான். முட்டைகள் தரையில் விழுந்து உடைந்தன. கயிறு வாசற்படியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போவதை மட்டும் நெரிஸ் பார்த்தாள். கையை நீட்டினாள், எட்டவில்லை. தோட்டத்துக் கல்சுவரை அந்த நாய் எப்படித் தாண்டியது என்று இன்றுவரை இருவருக்கும் தெரியாது.

ஓல்வென் பின்னாலேயே ஓடப் பார்த்தாள். நெரிஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். ஓடினால் அது இன்னும் வேகமாக ஓடும், கத்தினால் அடுத்த மாவட்டத்துக்கே போய்விடும் என்று அடிக்குரலில் சொன்னாள். இருவரும் மழையில் நின்று சுவருக்கு அந்தப்பக்கம் பார்த்தார்கள். அந்தப்பக்கம் இருந்தது ஓல்வெனின் புருஷன் இத்வலின் மேய்ச்சல் நிலம். ஏப்ரல் மாதம். ஆடுகள் குட்டி போடுகிற நேரம்.

நெரிஸ் சுவர்மேல் எக்கி அந்த நிலம் முழுக்கக் கண்ணால் தேடினாள்.

போன வசந்தத்தில் நடந்தது பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும். விடுமுறைக்கு வந்து கூடாரம் போட்டிருந்த யாருடைய நாயோ அவிழ்ந்து போய் இத்வலின் ஆடுகளுக்குள் புகுந்துவிட்டது. சினை ஆடுகளை வேலியோரமாகத் துரத்தித் துரத்தி, நாலைந்தின் தொண்டையைக் கிழித்தது. இத்வல் துப்பாக்கியை எடுத்து வந்து ஒரே வெடியில் சுட்டான். சட்டம் அவன் பக்கம். ஊரும் அவன் பக்கம். அந்த நாய்க்காரி புல்லில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஊளையிட்டதைப் பார்த்தவர்கள்கூட, வேறென்ன செய்வான் மனுஷன் என்றுதான் சொன்னார்கள். அடுத்த வாரம் தபாலாபீஸ் வரிசையில் எல்லோர் முன்னாலும் அவன் நெரிஸைப் பார்த்துச் சொன்னான்: "உன் நாய் என் ஆட்டுக்குள்ள வந்தா, உன்னைக் கூப்பிட்டு உத்தரவு கேட்டுட்டு நிக்க மாட்டேன். சொல்லிட்டேன்." இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவன் ஒன்று சொன்னால் சொன்னதுதான் என்பது அவளுக்குத் தெரியும்.

ஓல்வென் ஏப்ரனைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்வல்கிட்ட சொல்லாத, நெரிஸ். கையெடுத்துக் கும்பிடறேன். இன்னொரு நாயைச் சுட வேண்டி வந்தா அந்த மனுஷன் தாங்க மாட்டான்."

போன வருஷத்திலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை, சாயங்காலமானால் முற்றத்தில் நிற்கிற டிராக்டரில் ஏறி இன்ஜினைப் போடாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறான், கேட்டால் எரிந்து விழுகிறான் என்றெல்லாம் அவள் சொன்னாள். நெரிஸுக்கு அது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. இவளுக்குப் புருஷன் கவலை, எனக்கு நாய் கவலை என்று கோபமாக வந்தது. உன் வாயில் "நான்தான்" வருவதற்குமுன் உன் கண் அந்தக் காகிதத்தைப் பார்த்திருக்கக் கூடாதா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. ஓல்வென் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டாள்.

ஓல்வென் போனதும் சங்கத்து டாம்சினுக்குப் போன் போட்டாள். டாம்சின் ஷ்ரூஸ்பரியில் இருக்கிற இங்கிலீஷ்காரி. இதுவரை எத்தனையோ நாய்கள் தொலைந்து, எத்தனையோ கிடைத்து, எத்தனையோ கிடைக்காமல் போனதையெல்லாம் பார்த்தவள். படபடக்காமல் பேசினாள். யாரும் தேடப் போகக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்றாள். தோட்டத்தில் அடுப்பு வைத்து சாசேஜ் இறைச்சியைப் பொரி, உன் வாசனை உள்ள துணியைச் சுவர்மேல் போடு, பக்கத்தில் தரையோடு தரையாக உட்கார், நாய் கிட்டத்தில்தான் எங்கேயாவது பதுங்கியிருக்கும் என்றாள். கடைசியாக, "எல்லாத்துக்கும் முன்னாடி ஆடு வச்சிருக்கிறவங்களுக்குச் சொல்லிடு. அவங்களா பார்த்துத் தெரிஞ்சுக்கறதுக்கு முன்னாடி நீ சொல்லியிருக்கணும்" என்றாள்.

நெரிஸ் சரி என்றாள். போனை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்வலின் எண் அவளுக்கு மனப்பாடம். ரெண்டு தடவை எடுத்தாள், ரெண்டு தடவையும் வைத்தாள். சொன்னால் துப்பாக்கியை எடுப்பான். சொல்லாவிட்டால் ஒருவேளை அவன் கண்ணில் படாமலே நாய் திரும்பி வந்துவிடலாம். பயந்தவள் போடுகிற கணக்கு இப்படித்தான் இருக்கும். அவள் சொல்லவில்லை.

தோட்டத்தில் கேம்ப் அடுப்பைப் பற்றவைத்து சாசேஜ் பொரித்தாள். தன் இரவு உடுப்பைச் சுவர்மேல் விரித்தாள். கோட்டைப் போர்த்திக்கொண்டு ஈரப்புல்லில் உட்கார்ந்தாள். அலுன் பஸ் நிற்கிற இடத்திலிருந்து போன் பண்ணி, வேண்டுமானால் பஸ்ஸோடு வந்துவிடட்டுமா, பயணிகள் எல்லோரும் சேர்ந்து புல்லில் உட்காரட்டும் என்றான். அவனுக்குப் பயம் வந்தால் இப்படித்தான் பேசுவான். அவள் அழுததும் கேலியை விட்டான்.

காத்திருப்பதுதான் கொடுமை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அவள் மனது அந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஓடியது. மரம் ஏற்றிக்கொண்டு கண்மண் தெரியாமல் வருகிற லாரிகள், மேலே மூடாமல் கிடக்கிற பழைய கல்குவாரி, கால் வைத்தால் இழுக்கிற சேறு என்று ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு விதமாக அவள் முராவைச் சாக விட்டுப் பார்த்தாள். எங்கே ஆடு கத்தினாலும் தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒருமுறை மலைப்பக்கமிருந்து "டப்" என்று ஒரு சத்தம். அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். மறுபடி அதே சத்தம், மறுபடி. யாரோ வேலிக்குக் கம்பம் அடிக்கிறார்கள். அவள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அந்தக் கம்பம் அடிக்கிறவனை வாய்க்கு வந்தபடி ஏசினாள்.

மழை விட்டு, வெயில் ஒரு பக்கமாக விழத் தொடங்கிய நேரத்தில் போன் அடித்தது. ஓல்வென். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது.

"அவன் பார்த்துட்டான். கீழ வயல்ல, நேத்தும் இன்னிக்கும் போட்ட குட்டிங்க இருக்கிற வயல்ல. துப்பாக்கி அலமாரியைத் திறந்து எடுத்துட்டுப் போயிட்டான். நான் கதவை மறிச்சு நின்னேன். ஒரு வார்த்தை பேசலை, என்னைத் தூக்கி ஒதுக்கி வச்சுட்டுப் போயிட்டான்."

நெரிஸ் பொரித்த சாசேஜை அப்படியே கோட்டுப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு சுவரேறிக் குதித்தாள். அந்த வயதில் அவள் சுவரேறியதை யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை. கீழ வயல் கண்ணில் படும்வரை ஓடினாள். பட்டதும் தன்னைத்தானே பிடித்து நிறுத்தி, நடந்தாள். நடப்பது ஓடுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

இத்வல் வேலிக் கதவருகே நின்றிருந்தான். ஒரு கையில் முனை வளைந்த மேய்ப்பன் கோல், இன்னொரு கையிடுக்கில் துப்பாக்கி. தொப்பிக்குக் கீழே முகம் சாம்பலாக இருந்தது. அவள் வந்ததைத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொண்டான்.

"எத்தனை மணிக்கு ஓடிச்சு?"

"காலையில" என்றாள்.

"காலையிலேர்ந்து எங்கிட்ட சொல்லாம உட்கார்ந்திருக்கே" என்றான். கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை. களைத்துப்போனவன் குரலில் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

முரா வயலின் அந்தக் கோடியில், முள்வேலி அடியில், மண்ணோடு மண்ணாகப் படுத்திருந்தது. கயிறு புல்லில் நீண்டு கிடந்தது. வாயெல்லாம் ரத்தம். குட்டியைக் கொன்றுவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நெரிஸ் நினைத்தாள். இத்வல் அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தான்.

"அது நஞ்சுக்கொடி. அந்தக் கறுப்பு மூஞ்சி ஆடு மத்தியானம் ரெண்டு போட்டது, அது விட்ட கொடியை உன் நாய் தின்னிருக்கு. குட்டிங்க ரெண்டும் இருக்கு, பார்த்துட்டேன்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: "நாய் படுத்திருக்கிற வரைக்கும் நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல. எழுந்து ஓடிச்சுன்னா ஆடுங்க கலையும். கலைஞ்சா குட்டிங்க மிதிபடும், அது துரத்த ஆரம்பிக்கும், அப்புறம் எங்கிட்ட ஒண்ணும் கேக்காதே. போய்ப் பிடிச்சுக்கோ."

அவள் கதவுக்குள் ஒரு கால் வைத்தாள். முராவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. அதன் பார்வை அவள்மேல் இல்லை. இத்வலின் கையில் இருந்த கோலைப் பார்த்தது.

"அந்தக் கோலைக் கீழ போடு" என்றாள்.

"துப்பாக்கியவா?"

"அது என்னன்னு அவளுக்குத் தெரியாது. கோலைத்தான் தெரியும். மெதுவா, புல்லுல வை."

அவன் ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டுக் குனிந்து கோலைப் புல்லுக்குள் படுக்க வைத்தான். துப்பாக்கியை வைக்கவில்லை.

நெரிஸ் தரையில் உட்கார்ந்தாள். நாய்க்கு முதுகைக் காட்டித்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. சேற்றில் குண்டி தேய, குதிகாலை ஊன்றி ஊன்றி, பின்பக்கமாகவே நகர்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, இப்படிப் போனால் நாயைப் பார்க்க முடியாது, பார்க்க முடிந்ததெல்லாம் இத்வலையும் அவன் துப்பாக்கியையும்தான் என்று. பின்னால் என்ன நடக்கிறது என்பதை அவன் முகத்தில்தான் படிக்க வேண்டும். எந்த ஆளை நினைத்துக் காலையிலிருந்து நடுங்கினாளோ, அவன் முகத்தை விட்டு இப்போது கண்ணை எடுக்க முடியவில்லை.

ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தன. ஒரு குட்டி, தொப்புள்கொடி இன்னும் காயாதது, அவள் கோட்டுப் பையை மோப்பம் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது. போடா, உங்கம்மா வந்துடுவா, போ, போ என்று அவள் உதட்டுக்குள் கெஞ்சினாள். அம்மாவும் வந்தது. கறுப்பு மூஞ்சி. முன்காலால் தரையைத் தட்டியது. மறுபடி தட்டியது. அந்தத் தட்டல் அவளுக்காக அல்ல, அவள் பின்னால் இருப்பதற்காக.

இத்வலின் முகம் மாறியது. துப்பாக்கி தோளுக்கு ஏறியது.

நாய் எழுந்துவிட்டது. நெரிஸ் பார்க்காமலே தெரிந்துகொண்டாள். துப்பாக்கிக் குழாய் அவள் தலைக்குப் பக்கத்தில் எதையோ குறி பார்த்தது, மெல்ல மெல்ல நகர்ந்தது. நாய் நடக்கிறது. சுடாதே என்று கத்த வேண்டும் என்று தொண்டை வரை வந்தது. கத்தினால் ஓடும், ஓடினால் சுடுவான். பல்லைக் கடித்துக்கொண்டாள். குழாய் நகர்ந்த பக்கமே அவளும் நகர்ந்து, தன் தலையை அதற்கு நேராகக் கொண்டுவந்து வைத்தாள். யோசித்துச் செய்ததில்லை. உடம்பு தானாகப் போனது. இத்வலின் உதடுகள் அசைந்தன. என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை.

அவள் சாசேஜ் ஒன்றை எடுத்து, கையை முதுகுப்பக்கம் நீட்டி, உள்ளங்கையை விரித்தாள். ஆட்டின் மூச்சு ஒரு பக்கம் கேட்டது. தன் இதயம் இன்னொரு பக்கம். பிறகு உள்ளங்கையில் ஈரமாக ஒரு மூக்கு.

அவள் இன்னொரு கையால் புல்லைத் துழாவினாள். கயிறு கிடைத்தது. மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றினாள், இன்னொரு சுற்று.

இறுகியதும் முரா அலறியது. நாய் அப்படி அலறி அவள் கேட்டதில்லை, சிறு குழந்தை கதவிடுக்கில் விரலைக் கொடுத்தால் வருகிற சத்தம். துள்ளி விழுந்து, புரண்டு, அவளை முழுசாகத் திருப்பி இழுத்தது. கறுப்பு மூஞ்சி ஆடு தெறித்து ஓடியது. அதோடு வயல் முழுக்க ஓடியது. குட்டிகள் கத்தின, ஆடுகள் கத்தின. எழுந்து ஓடினால், கலைந்தால் என்று இத்வல் எதையெல்லாம் சொன்னானோ அதெல்லாம் நடந்துவிட்டது. நெரிஸ் கயிற்றை விடவில்லை. இழுத்து, நாயின்மேல் குப்புற விழுந்து, கோட்டால் அதன் தலையை மூடி, தன் உடம்பால் அதை அப்பிக்கொண்டாள். முரா அவள் கையைக் கடித்தது. கடிக்கட்டும். இப்போது கத்தலாம், இனிக் கத்துவதால் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்று அவள் தன் பலம் கொண்டமட்டும் கத்தினாள். "சுடாத இத்வல், சுடாத, நான் கீழ இருக்கேன், சுடாத."

வெடி கேட்கவில்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். கோட்டுக்கடியில் நாயின் நெஞ்சு அடித்துக்கொள்வதும் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதும் எது எது என்று பிரிக்க முடியவில்லை. ஆடுகள் தூரத்து மூலையில் போய் நின்றுகொண்டன. ஒவ்வொரு குட்டியாகத் தாயைத் தேடிக் கத்தி, கண்டுபிடித்து, அடங்கியது. பூட்ஸ் சத்தம் சேற்றில் வந்து அவள் தலைமாட்டில் நின்றது.

"ஒண்ணும் மிதிபடலை" என்றான்.

நெரிஸ் எழுந்து உட்கார்ந்தாள். நாயை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, சேறும் ரத்தமும் வழிகிற கையோடு அவனை நிமிர்ந்து பார்த்து, வந்த ஆத்திரத்தையெல்லாம் கொட்டினாள். என் தலைக்கு நேரா நீட்டினியே, நீயெல்லாம் மனுஷனா, ஒரே பெஞ்சில உட்கார்ந்தவன்தானே நீ என்று கேட்டாள். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். அவளுக்கு மூச்சு வாங்கியது. பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"ஆடு கலைஞ்சுதே. ஏன் சுடலை?"

இத்வல் வேலிப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். யாருமில்லை. துப்பாக்கியை மடக்கித் திறந்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தான். ரெண்டு குழாயின் வழியாகவும் அவளுக்கு வானம் தெரிந்தது.

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தோட்டா எங்கே என்று தேடுகிறவள்போல அவன் கையைப் பார்த்தாள், புல்லைப் பார்த்தாள்.

"போன வருஷம் அதைச் சுட்டதுக்கப்புறம் நான் தோட்டா போடறதில்ல" என்றான். "போட்டுப் பார்த்தேன். கை வரலை. அந்தப் பொம்பளை கத்தினது காதுலயே இருக்கு. சும்மா தூக்கிட்டு வர்றேன், தூக்கிட்டுப் போறேன்."

"அப்ப முரா ஒரு குட்டியைப் பிடிச்சிருந்தா?"

"நின்னு பார்த்துட்டு இருந்திருப்பேன். வேறென்ன?" அவன் தொப்பியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டான். "நீ அந்தப்பக்கமா நகர்ந்து போறப்ப நான் என்ன சொல்லிட்டு இருந்தேன்னு நினைக்கறே? ஓடாதே ஓடாதேன்னு உன் நாயைத்தான் கெஞ்சிட்டு இருந்தேன்."

காலையிலிருந்து நெரிஸ் பயந்தது இவனை நினைத்து. இவன் பயந்ததோ இவளுடைய நாயை நினைத்து. கோட்டுக்குள் அது ரெண்டு பேருக்கும் சேர்த்து நடுங்கிக்கொண்டிருந்தது. திட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறவள்போல, கடிபடாத கையால் அவன் பூட்ஸின்மேல் ரெண்டு தட்டுத் தட்டினாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத நெரிஸ்" என்றான். "ஓல்வெனுக்குக்கூடத் தெரியாது. அவகிட்ட சொன்னா தபாலாபீஸ்ல சொல்லுவா. தெரிஞ்சுதுன்னா கோடைக்கு வர்றவன் ஒருத்தனும் நாயைக் கட்டிவைக்க மாட்டான். இந்த ஆடுங்களுக்குக் காவலா இருக்கிறது என் பேரு ஒண்ணுதான்."

வேலிக் கதவருகே ஓல்வென் வந்து நின்றாள். ஓடி வந்திருக்க வேண்டும், ஏப்ரன் தோளில் கிடந்தது. உள்ளே வரப் பயந்துகொண்டு அங்கிருந்தே பார்த்தாள். இத்வல் அவளுக்கு முதுகைக் காட்டித் துப்பாக்கியைச் சட்டென்று மூடினான். தொப்பியைப் போட்டான். முதுகை நிமிர்த்தினான். எல்லோரும் பயப்படுகிற இத்வலாக ஆகி, நடந்துபோய்ப் புல்லில் கிடந்த கோலை எடுக்கக் குனிந்தவன், நாயைப் பார்த்துவிட்டு எடுக்காமலே விட்டுவிட்டான்.

நெரிஸ் முராவைக் கோட்டோடு அள்ளித் தூக்கிக்கொண்டு வந்தாள். ஓல்வென் அழுதுகொண்டே அவளையும் நாயையும் தொட்டுப் பார்த்தாள். கதவைத் திறந்தது தான்தான், தப்பெல்லாம் தன்னுடையது என்று புருஷனிடம் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். பிறகு அவள் நெரிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, நிஜமாகவே சுட்டிருப்பானா என்று கேட்டாள்.

இத்வல் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூலையில் கறுப்பு மூஞ்சி ஆடு ரெண்டு குட்டிக்கும் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. பள்ளத்தாக்கு நெடுக, மலை மேலேவரை, குட்டிகளோடு ஆடுகள் வெள்ளை வெள்ளையாக நின்றன. இன்னும் கொஞ்ச நாளில் கூடாரங்கள் வந்துவிடும்.

"ஆமா ஓல்வென்" என்றாள் நெரிஸ். "முரா இன்னும் ஒரு எட்டு வச்சிருந்தா சுட்டிருப்பான்."

அவள் குரல் நடுங்கியது. அதற்கு அவள் நடிக்க வேண்டியிருக்கவில்லை.